தீப்பிடிக்காத தூசி

பட்டாசு ஆபீசுக்கு ஆய்வுக்கு வருகிற அதிகாரி, அறைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது தரையைத்தான். மருந்து சிந்திக் கிடக்கிறதா, ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார்களா, அளவுக்கு மேல் ஆள் உட்கார்ந்திருக்கிறார்களா, இரும்புச் சாமான் ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி வெடி விபத்திலும், 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளம் வெடி விபத்திலும் விருதுநகர் மாவட்டமே பார்த்தது. ஆனால் அதே மருந்தின் தூசி, அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறவரின் மூக்கு வழியாக உள்ளே எவ்வளவு போகிறது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தீப்பிடிக்காத தூசி எங்கள் பக்கத்தில் கணக்கிலேயே வராது. தீப்பிடிக்கிற தூசியும், பிடிக்காத வரைக்கும் கணக்கில் வராது.

இது ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற விஷயம். நான் இருக்கன்குடிக்காரன். அர்ஜுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் மாரியம்மன் கோயில், ஆடி கடைசி வெள்ளிக்கு நடந்தே வருகிற கூட்டம், இதையெல்லாம் வெளியூர்க்காரர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். திருவிழா இல்லாத நாளில் ஊரை அடையாளம் காட்டுவது காலையில் வந்து நிற்கிற கம்பெனி வண்டிகள். சாப்பாட்டுத் தூக்கோடு பெண்கள் ஏறுவார்கள். ஒரு வண்டி பட்டாசு ஆபீசுக்கு, ஒரு வண்டி தீப்பெட்டி ஆபீசுக்கு, இன்னொன்று ஸ்பின்னிங் மில்லுக்கு. நான் பஸ் பிடித்து சிவகாசி போகிறவன். அச்சகத்தில் வேலை. சாயங்காலம் திரும்பி வரும்போது வண்டியிலிருந்து இறங்குகிறவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று தும்மலையும் இருமலையும் வைத்தே பாதி சொல்லிவிடலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதலில் மருந்து அறையைப் பார்த்துவிடுவோம். வெளியே இருக்கிறவர்கள் ஃபாக்டரி என்றதும் பெரிய கூடமாக, இரைகிற இயந்திரத்தோடு நினைத்துக்கொள்வார்கள். பட்டாசு ஆபீசு அப்படி இல்லை. பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளி சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் வெடித்தால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்பதற்காக இடைவெளி. ஓடித் தப்பிப்பதற்காகப் பல பக்கமும் கதவு. மருந்து புழங்குகிற அறையில் மின்சாரம் கிடையாது. விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை, தூசியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற எக்ஸாஸ்ட்டும் இல்லை. உடுத்துவது பருத்தி மட்டும்தான். நைலான், பாலியஸ்டர் உரசினால் பொறி வரும். எல்லாமே உயிரைக் காப்பாற்றுவதற்கு வைத்த விதி. ஒன்றையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மற்ற தொழிற்சாலைகளில் தூசியைப் பிடிக்க என்னென்ன சாதனம் வைப்பார்களோ அத்தனையும் இந்த விதிகளால் வாசலிலேயே நின்றுவிடுகிறது. காற்று வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. காற்று பலமாக அடித்தாலும் வம்பு, மருந்து பறக்கும் என்று கதவை ஒருக்களித்து வைத்துக்கொள்வார்கள்.

அந்த அறையில் அதிகம் தூசி கிளம்புகிற வேலை மருந்து சலிப்பது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் இவற்றைச் சேர்த்து சல்லடையில் கையால் சலித்துக் கலக்க வேண்டும். அலுமினியப் பவுடர் என்பது மணல் மாதிரி உருண்டை உருண்டையாக இருக்காது. தகடு தகடாக, மீன் செதிலைவிட லேசாக இருக்கும். சல்லடையைத் தட்டும்போது கீழே விழுவது கொஞ்சம், மேலே எழும்புவது கொஞ்சம். வெயில் சாய்வாக உள்ளே விழுகிற காலை நேரத்தில் பார்த்தால் வெள்ளிப் புகை போல நிற்கும். சலிக்கிறவர் புருவம், காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளி. சோப்புப் போட்டால் கையில் இருப்பது போகும். நகக்கண்ணில் இருப்பது ஞாயிற்றுக்கிழமையும் கூடவே வரும்.

தலைமுடி ஐம்பது, அறுபது மைக்ரான் தடிமன். மூக்கும் தொண்டையும் வடிகட்டிவிடுகிற தூசி பத்து மைக்ரானுக்கு மேலே இருப்பது. ஐந்துக்குக் கீழே போனால் நுரையீரலின் கடைசிக் கிளை வரைக்கும் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரிகிற அந்த வெள்ளிப் புகையைவிட, அது அடங்கிய பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருப்பதுதான் ஆழமாகப் போவது. முகத்தில் கட்டுகிற பருத்தித் துண்டு முதல் வகையைத்தான் நிறுத்தும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் இதே போன்ற நுண்ணிய அலுமினியத் தூள் செய்த தொழிலாளிகளின் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கியதை மருத்துவர்கள் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். எண்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதி. நம்முடைய சலிப்பு அறைகளில் இன்னும் அது புதுச் செய்தி.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இந்தத் தொழில் வந்ததற்கு ஒரு காரணம் வறண்ட காற்று என்பார்கள். மழை குறைச்சல், வெயில் தாராளம், களத்தில் போட்டால் சீக்கிரம் காயும். அதே வறண்ட காற்றில்தான் தூசியும் அடங்காமல் ரொம்ப நேரம் மிதக்கும். ஈரமாகச் செய்கிற வேலைகளில் இந்தத் தொல்லை பாதி குறைந்துவிடுகிறது. கம்பி மத்தாப்பு அறையைப் பாருங்கள். இரும்புத் தூள், அலுமினியம், உப்பு எல்லாவற்றையும் பசையோடு கூழாகக் கரைத்து, கம்பிக் கட்டை அதில் முக்கி எடுத்துக் காய வைப்பார்கள். கை அழுக்காகும். காற்று அவ்வளவு அழுக்காகாது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: 'அலர்ஜி'. மிளகாய் வத்தல் மண்டியில் நின்றால் தும்மல் வருகிறது, அதுவும் அலர்ஜி. கந்தகத் தூள் பட்டுக் கண் எரிகிறது, அதுவும் அலர்ஜி. விருதுநகர் வத்தல் மண்டிக்குள் முதல் தடவை போகிற யாருக்கும் தும்மல் வரும். உங்களுக்கும் வரும், எனக்கும் வரும், மண்டி ஓனருக்கும் முதல் நாளில் வந்திருக்கும். அது காரத்தின் எரிச்சல். அலர்ஜி வேறு மாதிரி. பத்துப் பேர் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவருக்கு மட்டும் வரும். அதுவும் முதல் நாளில் வராது. மாசக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், ஒன்றும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். அதுவரைக்கும் உடம்பு அந்தப் பொருளை எதிரியாக அடையாளம் வைத்து ஐஜிஇ என்கிற எதிர்ப்பொருளைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. சேர்ந்த பிறகு ஒரு சிட்டிகை பட்டாலே மூக்கில் தண்ணீராகக் கொட்டும், நெஞ்சு இறுகும். "இத்தனை வருஷமா இதே வேலைதானே பாக்கேன், அப்ப வராதது இப்ப எப்படி வரும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இத்தனை வருஷம் பார்த்ததால்தான் வந்திருக்கிறது.

எரிச்சல் தருகிற தூசி என்றால் அளவைக் குறைத்தால் போதும். அலர்ஜி வந்துவிட்டவருக்கு அளவைக் குறைத்துப் பெரிய பலன் இருக்காது. அந்தப் பொருளை விட்டு விலக வேண்டும். மருந்துச் சீட்டில் இரண்டுக்கும் ஒரே மாத்திரை எழுதிவிடலாம். வேலை இடத்தில் இரண்டுக்கும் ஒரே தீர்வு கிடையாது.

எங்கள் பக்கத்து அறைகளில் நிஜமாகவே அலர்ஜி தரக்கூடியவை எவை என்று தேடிப் பார்த்தால், பயமுறுத்துகிற பெயர்கள் கொண்டவை மட்டும் இல்லை. பசைக்குக் கிண்டுகிற மைதா மாவு ஒன்று. மாவுத் தூசி உலகம் முழுக்கத் தொழில்வழி ஆஸ்துமாவுக்கு முன்வரிசைக் காரணம், பேக்கரிக்காரர்களுக்கு வருவது. 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் மாவு வேலைக்காரர்களின் இருமலைக் குறித்திருக்கிறார். நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு 'என்ன வேலை பார்க்கிறீர்கள்?' என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். முந்நூறு வருஷம் தாண்டிவிட்டது. வீசிங் என்று போய் நின்றால் எத்தனை இடத்தில் அந்தக் கேள்வி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

தீப்பெட்டியில் இன்னொன்று. குச்சித் தலையில் இருக்கிற மருந்தில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், பசையோடு கொஞ்சம் பொட்டாசியம் டைக்ரோமேட்டும் சேர்ப்பது வழக்கம். அது குரோமியம் உப்பு. சிமெண்டு வேலை பார்க்கிற கொத்தனார்களுக்குக் கையில் வெடிப்பும் அரிப்பும் வருகிறதே, அதற்குக் காரணமான அதே குரோமியம். தோலோடு நிற்காமல் மூச்சுக்குழாயையும் தொடக்கூடியது. மருந்து முக்குகிற பழைய ஆட்களின் விரல் இடுக்கைப் பார்த்தால் தெரியும்.

சரி, என் சொந்தக் கதைக்கு வருகிறேன். அச்சகத்தில் எனக்கு வந்தது மூக்குத் தொல்லை. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும் என்பதால் அதற்கு முந்தைய மாசங்களில் மெஷின் நிற்காது. ஆஃப்செட் மெஷினில் தாள் அச்சாகி ஒன்றின் மேல் ஒன்றாக விழும்போது மை காய்ந்திருக்காது. மேல் தாளின் முதுகில் கீழ்த் தாளின் மை ஒட்டிவிடக்கூடாது என்று, தாள் விழுகிற நேரத்தில் மெல்லிசாக ஒரு பவுடரைத் தூவிக்கொண்டே இருக்கும் மெஷின். பெரும்பாலும் ஸ்டார்ச் மாவு. ஸ்ப்ரே பவுடர் என்போம். ஷிஃப்ட் முடிகிறபோது மெஷின் கடைசியில் இருக்கிற கம்பியை விரலால் வழித்தால் விபூதி மாதிரி வரும். டியூப்லைட் மேலே, சுவிட்ச் பெட்டி மேலே, சாமி படத்துக்கு மேலே எல்லாம் அதே வெள்ளை. கனமான அட்டை ஓடினால் பவுடர் அளவைக் கூட்டுவார்கள். அடுத்து மெல்லிசுத் தாள் வந்தாலும் யாரும் குறைக்க மாட்டார்கள். கூட்டின குமிழ் கூட்டினபடியே இருக்கும்.

இதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. இந்த வேலைக்கு முன்பெல்லாம் வேலம் பிசின் கரைசலை, அதாவது கம் அரபிக்கை, ஸ்ப்ரே அடித்தார்கள். அச்சுத் தொழிலாளிகள் பலருக்கு மூச்சிரைப்பு வந்தது. 1940களில் அமெரிக்காவிலும் 1950களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் மருத்துவர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். 'அச்சுக்காரர் ஆஸ்துமா' என்றே பெயர் வைத்தார்கள். பிறகு பிசினை விட்டுவிட்டு வேறு பொருளுக்கு மாறினார்கள், அந்த நோய் அநேகமாக மறைந்தது. ஆளுக்கு மாஸ்க் கொடுத்ததாலோ, ஜன்னலைப் பெரிசாக்கியதாலோ இல்லை. பொருளை மாற்றினார்கள், அவ்வளவுதான். இந்தப் பதிவை ஆரம்பிக்க எனக்குக் காரணமே இந்த ஒரு தகவல்தான்.

அச்சகத்தில் மெஷின் ஹாலைவிட நல்ல இடம் என்று எல்லோரும் நினைப்பது டிசைன் பிரிவை. ஏசி, கண்ணாடிக் கதவு, தூசி இல்லை. கம்ப்யூட்டருக்காகத்தான் அந்த ஏசி, ஆளுக்காக இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. உள்ளே இருக்கிற காற்றையே குளிர வைத்துச் சுற்றி விடும். மூடிய அறையில் ஏழெட்டுப் பேர் விடுகிற மூச்சு அதே இடத்தில் சேர்ந்துகொண்டே போகும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மியூனிக் நகரத்தில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்கிறவர் ஓர் அறையின் காற்று நல்லதா கெட்டதா என்று பார்க்க, அதில் இருக்கிற கரியமில வாயுவை அளவுகோலாக வைத்தார். பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு மேல் போனால் கெட்டது என்றார். இன்றும் கட்டடக்காரர்கள் அந்த ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொட்டாவி வந்தால் டீ சொல்லிவிடுவோம். ஜன்னலைத் திறந்தால் மெஷின் ஹால் பவுடரும், பிளாங்கெட் கழுவுகிற சால்வென்ட் நெடியும் உள்ளே வரும். திறக்காவிட்டால், ஃபில்டர் கழுவி எவ்வளவு நாளாச்சோ தெரியாத ஏசியின் தண்ணீர்த் தட்டில் வளர்ந்த பூஞ்சை வரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஃபில்டரைக் கழுவச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன். "சீசன் முடியட்டும்ப்பா" என்றார்.

பட்டாசு ஆபீசில் வேலை பார்க்கிற மதினிக்கு வந்தது என்னுடையதைவிடக் கெட்டது. முதலில் தும்மல், பிறகு ராத்திரி இருமல், பிறகு படி ஏறினால் இளைப்பு. சளிதான் என்று சிரப் வாங்கிக் குடித்தார். ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர்கள் வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார்கள். வயிற்றுக்குள் போன மருந்தை இழுத்துக்கொண்டு போய்விடும் என்கிற நம்பிக்கை. வெல்லமும் அதற்குத்தான். போனது வயிற்றுக்கு இல்லையே மதினி என்றால், "எல்லாம் ஒரே உடம்புதானய்யா" என்பார். அதற்கு மேல் என்ன பேச?

சாத்தூரில் ஒரு நல்ல டாக்டர் அமைந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்மா?" மதினி கொஞ்சம் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரவாயில்லை. தீபாவளி முடிந்து ஆபீசு மூடியிருக்கிற வாரங்களில் சுத்தமாக இல்லை. திறந்து சில நாளில் மறுபடி. அதை அவர் அதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை. லீவில் வீட்டில் ஓய்வாக இருக்கிறோம், அதனால் நன்றாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

இந்த நாள் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற தறிகள், சுற்றிலும் நூற்பாலைகள். பஞ்சுத் தூசியால் வருகிற பிசினோசிஸ் நோயில் நெஞ்சு இறுக்கம் திங்கட்கிழமைதான் அதிகம் இருக்கும், வாரம் போகப் போகக் குறையும். ஒரு நாள் விலகியிருந்து திரும்பப் போகும்போது உடம்பு முரண்டுகிறது. தொழில்வழி ஆஸ்துமா பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். திங்கள் பரவாயில்லை, சனிக்கிழமை மோசம், ஞாயிறு மீட்சி. எந்தக் கிழமை மூச்சு வாங்குகிறது என்பதே பாதி நோயறிதல். வண்டியில் போகிற பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, "ஆமா, நமக்கும் சனிக்கெழமதான்" என்கிறார்கள்.

டாக்டர் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கச் சொன்னார். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பிளாஸ்டிக் குழாய், பேட்டரி கூட வேண்டாம். நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, வாயால் குழாயைக் கவ்வி, ஒரே வேகத்தில் ஊத வேண்டும். முள் எங்கே நிற்கிறதோ அது நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர் என்று அர்த்தம். மூன்று தடவை ஊதி அதில் பெரியதை எழுத வேண்டும். எழுந்ததும், மத்தியானம், வேலை விட்டு வந்ததும், படுக்கப் போகும்போதும். வேலை நாளிலும் எழுத வேண்டும், லீவு நாளிலும் எழுத வேண்டும். சில வாரம் இப்படி எழுதினால் கோடு தானாகப் பேசும். ஒரே நாளுக்குள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறி இறங்கினால் சந்தேகப்படலாம். மதினி மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதினார். மத்தியான ஊதலை மட்டும் ஆபீசில் செய்ய முடியவில்லை. மருந்து அறைக்குக் கொண்டுபோக விட மாட்டார்கள், சாப்பாட்டு இடத்தில் ஊதினால் எல்லோரும் கூடிவிடுகிறார்கள். கடைசியில் வண்டி நிற்கிற இடத்தில், வேப்பமரத்தடியில் ஊதினார். போர்மேன் பார்த்துவிட்டு "என்ன அது, ராக்கெட்டா?" என்று கேட்டிருக்கிறார்.

நோட்டைப் பார்த்துவிட்டு இன்ஹேலர் எழுதினார் டாக்டர். அடுத்த சண்டை அங்கே. ஊரில் இன்ஹேலர் என்றால் கடைசிக் கட்டம். பிடித்தால் விடாது, கட்டிக் கொடுக்கிற வயதில் பெண் பிள்ளை கையில் இருந்தால் பேச்சாகிவிடும். உண்மையில் மாத்திரையாக விழுங்கினால் மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கப் போகிற மருந்து, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில் வேண்டிய இடத்துக்கு மட்டும் போகிறது. இதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்கு ஆடி மாசம் முழுக்கத் தேவைப்பட்டது. அம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன் என்றார். ஆரம்பித்தால் சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, உடம்புக்குக் கேடான தூசியை ஆள் சுவாசிக்கவும் கூடாது, அறையில் தேங்கவும் கூடாது, உறிஞ்சு சாதனம் வைப்பதானால் தூசி கிளம்புகிற இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது. எழுத்தில் குறையில்லை. வெடிபொருள் விதி மின்சாரம் கூடாது என்கிறது, தொழிற்சாலைச் சட்டம் தூசியை உறிஞ்சு என்றது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, மின்சாரம் இல்லாமல் தூசியை எப்படிப் பிடிப்பது என்று உட்கார்ந்து யோசிக்கிற வேலைதான் நடக்கவில்லை. சலிப்பை மூடிய பெட்டிக்குள் செய்ய முடியாதா, ஈரத்தில் செய்யக்கூடியது எது, கூரையில் காற்றால் சுழல்கிற போக்கி வைக்கலாமா. இதெல்லாம் பெரிய விஞ்ஞானம் இல்லை. சிவகாசியில் பட்டாசுக்கென்றே ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

முடியாது என்று சொல்கிறவர்களுக்கு தீப்பெட்டியே சாட்சி. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸில் தீக்குச்சி செய்தார்கள். அதன் ஆவி பட்டு தொழிலாளிகளின் தாடை எலும்பே அழுகியது. 1888இல் லண்டன் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தபோது அந்த நோயும் வெளிச்சத்துக்கு வந்தது. 1906இல் பெர்ன் நகரத்தில் சர்வதேச உடன்படிக்கை. 1913இல் இந்தியாவிலும் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டியைத் தடை செய்து சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டி ஆரம்பித்தது 1923 வாக்கில். பத்து வருஷ இடைவெளி. அந்தச் சட்டம் கொஞ்சம் தாமதித்திருந்தால் எங்கள் பாட்டிமார்களின் தாடை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. லண்டனில் யாரோ பட்ட பாட்டின் பலன் சாத்தூர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

அதே மாதிரி இன்னொரு பலன், இந்தத் தடவை டெல்லியிலிருந்து. 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில், அவர்கள் நுரையீரலைக் காப்பாற்றுங்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அர்ஜுன் கோபால் வழக்கு. 2018 அக்டோபர் 23ஆம் தேதித் தீர்ப்பில் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை. பசுமைப் பட்டாசுதான் இனி என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதைப் பிழைப்பில் விழுந்த மண்ணாகத்தான் பார்த்தார்கள். பச்சை உப்பு, அதாவது பேரியம் நைட்ரேட், இல்லாமல் பட்டாசு எப்படி என்று போராட்டமும் கதவடைப்பும் நடந்தது. பிழைப்பு விழுந்தது உண்மைதான், அதை நான் சின்ன விஷயமாகச் சொல்லவில்லை. ஆனால் பேரியம் நைட்ரேட் தண்ணீரில் கரைகிற நஞ்சு, உள்ளே போனால் தசையையும் இதயத்தையும் பிடிக்கும். தீபாவளி ராத்திரி டெல்லியில் அதன் புகையைச் சுவாசிக்கிறவர் ஒரு நாள் சுவாசிக்கிறார். அதைக் கையால் அள்ளிச் சலிக்கிறவர் வருஷம் பூரா. அந்த வழக்கின் வாதப் பிரதிவாதம் முழுக்க, நான் படித்த வரையில், சிவகாசித் தொழிலாளி வயிறாகத்தான் வருகிறார். நுரையீரலாக வரவில்லை. எங்கள் தரப்பிலிருந்தும் யாரும் அப்படிக் கொண்டுபோகவில்லை.

பசுமைப் பட்டாசிலும் இந்தக் கண்ணோட்டம்தான். நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கிய கலவைகளில் வெடித்த பிறகு வருகிற நுண்துகள் குறைந்தது 30 சதவீதம் குறைய வேண்டும் என்பது அளவுகோல். வெடித்த பிறகு. வெடிப்பதற்கு முன்னால், சலிக்கும்போது எவ்வளவு குறைந்தது என்பதற்கு அளவுகோல் இல்லை. புகையைக் குறைப்பதற்காகச் சேர்க்கிற சியோலைட் போன்ற பொருள்களும் பவுடர்தான், அவையும் அதே அறையில்தான் சலிக்கப்படும்.

வெளிக்காற்றை விட்டுவிட்டேன் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் அதையும் தொட்டுவிடுகிறேன். இருக்கன்குடியிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் சீமைக் கருவேலம். ஆற்றுக்குள், கண்மாய்க்குள், பட்டாசு ஆபீசு அறைகளுக்கு நடுவே விட்ட அந்தப் பாதுகாப்பு இடைவெளியிலும் அதுதான். இந்தியாவில் அலர்ஜி தருகிற மகரந்தங்களில் அதற்கு நல்ல இடம் உண்டு. ஜன்னல் கதவெல்லாம் திறந்து கிடக்கிற அறையில் அது உள்ளே வராமல் எங்கே போகும்? 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராக அதைப் பிடுங்கினார்களே, அப்போது பேச்செல்லாம் நிலத்தடி நீரைப் பற்றி. மூக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிடுங்கிய இடத்தில் இப்போது மறுபடி ஆளுயரம். கரி மூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு அது வேண்டும், விறகுக்கு எல்லோருக்கும் வேண்டும். ஆகவே அதை மட்டும் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. டாக்டர்கள் சிலர் "வெளியே மரம் இருக்குல்ல, அதான்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆபீசு ஓனர்களுக்கும் அந்தப் பதில் வசதி. மரத்தின் மேல் கேஸ் போட முடியாது.

என் அச்சகத்தில் நடந்தது இவ்வளவுதான்: பவுடர் குமிழை வேலைக்கு வேலை மாற்றி வைக்க மெஷின் அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். மெஷினைக் காற்றடித்துச் சுத்தம் செய்கிற பழக்கத்தை விட்டு ஈரத்துணியால் துடைக்கிறார்கள். காற்றடித்தால் தூசி போவதில்லை, இடம்தான் மாறுகிறது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. பவுடர் செலவு குறைந்ததைப் பார்த்து முதலாளிக்கும் சந்தோஷம். ஏசி ஃபில்டர் இன்னும் சீசன் முடியக் காத்திருக்கிறது.

மதினி மருந்து அறையை விட்டு பேக்கிங் பக்கம் மாறினார். டாக்டர் சீட்டைக் காட்டியதும் போர்மேன் மறுப்புச் சொல்லவில்லை. மூச்சு தேவலை, நோட்டில் சனிக்கிழமைக் கோடும் ஞாயிற்றுக்கிழமைக் கோடும் கிட்டக் கிட்ட வந்துவிட்டன. ஆனால் பேக்கிங்கில் கூலி குறைச்சல். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம் வருகிறது. சீசன் முடிகிற வரைக்கும் மட்டும் சலிப்புக்கே திரும்பிக்கொள்கிறேன் என்று போன வாரம் அவரே போய்க் கேட்டிருக்கிறார்.